தேக்காவில் நீ தோற்ற பந்தயம்

இன்று காலை ஜாலான் புசாரிலிருந்து தேக்காவுக்கு நடந்துபோனேன். வழியில் ஒரு சந்தில் தகரத் தடுப்பு போட்டிருந்தார்கள். தரைக்கடியில் ஏதோ குழாய் வேலை. கடை வாசலை ஒட்டிய நடைபாதையை அடைத்து, மஞ்சள் அம்புக்குறி மாட்டி, எல்லாரையும் எதிர்ச்சாரியில் போகச் சொல்லியிருந்தார்கள். வெட்டிய மண்ணின் ஈர வாசனையும் சூடான தாரின் வாசனையும் கலந்து வந்தன. இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடி, தன் கடைப்பக்கம் வர வேண்டியவர்கள் எதிர்ப்பக்கம் போவதை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம் என்ன சொல்வது? தகரத் தடுப்பைப் பார்த்தால் எனக்கு ஒரு சிநேகிதி ஞாபகம் வருகிறது என்று சொன்னால் நம்புவாரா?

பூ வாங்கப் போனவள் பூவை மறந்துவிட்டு, தேக்கா உணவங்காடியில் ஒரு மேசை பிடித்து, காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது.

நாம் முதன்முதலில் பேசியது ஒரு நாற்காலியைப் பற்றி. பகுதிநேர முதுநிலைப் பொருளியல் வகுப்பு. வேலை முடிந்து, அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் ஆட்கள் வந்து உட்காரும் மாலை வகுப்பு. நான் காலியாக இருந்த நடு வரிசையில் போய் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"எக்ஸ்கியூஸ் மீ, நீங்க தமிழா?"

"ஆமா."

"அப்ப உங்ககிட்ட உண்மையச் சொல்லிடறேன். அந்த சீட்டுல உக்காராதீங்க. ஏர்கான் நேரா தலையில அடிக்கும். போன வாரம் எனக்குக் கழுத்துப் பிடிச்சு மூணு நாள் லீவு."

"தமிழா இல்லாட்டி சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"சொல்லியிருப்பேன். ஆனா இங்கிலீஷ்ல சொன்னா இவ்வளவு உருக்கமா வராது லா."

உன் பக்கத்து நாற்காலிக்கு வந்தேன். இடைவேளைக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

நீ பாசிர் ரிஸ்ஸில் அம்மாவோடு இருந்தாய். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை. உன் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா உத்தியோகத்துக்குச் சிங்கப்பூர் வந்தவர். அம்மாவிடம் போனில் பேசும்போது 'ஓம்' என்பாய், போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி 'ஆமா லா' என்பாய். ஒரே மூச்சில் இரண்டும் வரும். நான் ஈசூன்காரி. ஒரு வங்கியின் பின்னறையில் பணப் பரிமாற்றங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் முப்பத்தைந்தைத் தாண்டிய வயது. வகுப்பில் பாதிப் பேர் நம்மைவிடச் சின்னவர்கள்.

முதல் வருடம் முடிவதற்குள் என் வேலை போனது. எங்கள் பிரிவையே வேறொரு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மேலாளர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதாலேயே எனக்குக் கோபப்படவும் வழியில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் என்னைத் தேற்றத்தான் பார்த்தார். அவருக்கு எம்ஆர்டி ரயில் பணிமனையில் வேலை. எதையும் கழற்றிப் பார்த்து, உடனே சரிசெய்யப் பார்ப்பவர்.

"நீ படிக்க வேணாம்னு நான் சொல்லல சுமதி. ஆனா இப்ப எல்லா இடத்துலயும் டேட்டா சயன்ஸ்தான் கேக்கறாங்க. அதுக்குக் கொஞ்ச மாசக் கோர்ஸ் இருக்காம். எங்க டிப்போவுல ஒருத்தரோட மகன் முடிச்சுட்டு வேலைக்கே போயிட்டான். எக்கனாமிக்ஸ்ல பாதியில நிக்கற. இன்னும் எவ்வளவு நாள் ஆகும்? முடிச்சா என்ன வேலை?"

மறுநாள் வகுப்புக்கு முன்னால் கேன்டீனில் உன்னிடம் சொன்னேன், விலகப் போகிறேன் என்று. நீ அழுவாய், தடுப்பாய் என்று நினைத்தேன். நீ உன் மீ கோரெங் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"டேட்டா சயன்ஸ்னா என்ன?" என்றாய்.

"டேட்டாவப் போட்டுப் பார்த்து, என்ன நடக்கும், எதனால நடக்குதுன்னு சொல்றது."

"நாம இப்ப என்ன பண்ணிட்டு இருக்கோம்?"

"ரிக்ரெஷன்."

"அதுல எதப் போடறோம்?"

"டேட்டா."

"போட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாய்.

"நமக்குக் கோடிங் போதாது. அது உண்மை. அத உக்கார்ந்து கத்துக்கலாம், நானும் கத்துக்கணும். ஆனா ஒரு நம்பரப் பார்த்ததும் 'இது எதனால வந்துச்சு, வேற எதனாலயாவது வந்திருக்குமா'ன்னு சந்தேகப்படறோம் பாரு, அது கொஞ்ச மாசத்துல வராது. எனக்கே ஒரு வருஷம் ஆச்சு. இந்த ப்ராஜெக்ட்ட மட்டும் என்கூட முடி. அப்புறமும் போகணும்னா போ. நானே வழியனுப்ப வர்றேன்."

அந்த ப்ராஜெக்ட் நம் எக்கனாமெட்ரிக்ஸ் பாடத்துக்கானது. பொருளியல் கேள்விகளுக்குப் புள்ளிவிவரத்தால் பதில் தேடும் பாடம் அது. ஏதாவது ஒரு காரணம், ஏதாவது ஒரு விளைவு, இரண்டுக்கும் நடுவே உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று நிரூபிக்க வேண்டும். மற்றவர்கள் வட்டி விகிதம், வீட்டு விலை என்று பெரிய தலைப்புகளை எடுத்தார்கள். நம் தலைப்பு தோசைக் கடையில் கிடைத்தது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எதிரெதிராக இரண்டு கடைகள். எம்ஆர்டி வாசலிலிருந்து வருகிறவர்கள் நடக்கும் சாரியில் செல்வம் அண்ணனின் கடை. மத்தியானம் நிற்க இடம் இருக்காது. எதிர்ச்சாரியில் பாக்கியம் அக்காவின் கடை. எப்போது போனாலும் மேசை கிடைக்கும். ஒரு சனிக்கிழமை செல்வம் அண்ணன் கடை வரிசையில் நின்றபோது நான் சொன்னேன், இங்கே ருசி அதிகம், அதனால்தான் இந்தக் கூட்டம் என்று. நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"ருசி எல்லாம் ஒண்ணுதான். எம்ஆர்டியில இருந்து வர்றவன் முதல்ல எந்தக் கடை கண்ணுல படுதோ அதுல நுழையறான். உள்ள கூட்டமா இருக்கறதப் பார்த்து அடுத்தவன் நுழையறான். ரெண்டு கடையையும் மாத்தி வச்சா கூட்டமும் மாறிடும்."

"மத்தியானக் கூட்டம் மாறாது. பந்தயம்?"

"பந்தயம். தோத்தவ ப்ராஜெக்ட் ஸ்லைடு எல்லாம் செய்யணும்."

பந்தயம் கட்டிவிட்டோமே தவிர, கடைகளை யார் மாற்றி வைப்பார்கள்? வரிசையில் நிற்கும்போது ருசியால் வந்த கூட்டத்தையும் இடத்தால் வந்த கூட்டத்தையும் எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் வழி தெரியாமல் நாட்கள் போயின. தலைப்பையே விட்டுவிடலாம் என்று நான் சொன்ன வாரத்தில்தான் அந்தத் தடுப்பு வந்தது.

நீ எனக்குப் போன் செய்தாய். உன் குரலைக் கேட்டு யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சுமி, நம்ம சந்துல தகரம் அடிச்சுட்டாங்க. செல்வம் அண்ணன் கடைப் பக்கம் மொத்தமா மூடியாச்சு. எல்லாரும் பாக்கியம் அக்கா கடை வாசல் வழியாத்தான் போறாங்க. அண்ணன் கடைக்குப் போகணும்னா சுத்திட்டு வரணும். புரியுதா?"

"பாவம் அண்ணன்."

"அட அத விடு லா. யாரோ நமக்காகவே கடைய மாத்தி வச்சிருக்காங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாம் செய்ய முடியாத சோதனையைக் குழாய் வேலைக்காரர்கள் செய்து வைத்திருந்தார்கள். அந்த மாதிரித் தற்செயலைத் தேடிப் பிடிப்பதைப் பற்றித்தான் பேராசிரியர் அந்தப் பருவம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். வகுப்பில் தலையாட்டியபோது புரியாதது, அந்தப் போனில் எனக்குப் புரிந்தது.

அடுத்து, கடைக்காரர்கள் தரவு தர வேண்டும். நீ நேராகச் செல்வம் அண்ணனிடம் போய் நின்றாய். அவர் ஏற்கெனவே தகரத்தின் மேல் கோபத்தில் இருந்தார்.

"என் கடைக் கணக்கு உங்களுக்கு எதுக்கும்மா? நீங்க எந்த ஆபிஸ்?"

"ஆபிஸ் இல்லண்ணே. ஸ்கூல் ப்ராஜெக்ட்."

அவர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஸ்கூலா?"

"கொஞ்சம் பெரிய ஸ்கூல்ண்ணே. காசுக் கணக்கு வேணாம். எந்த நாள், எந்த நேரத்துல எத்தனை தட்டு போச்சுன்னு உங்க பில் மெஷின்ல இருக்கும். அது மட்டும் போதும்."

"அத வச்சு என்ன செய்வீங்க?"

"உங்க மத்தியானக் கூட்டம் உங்க சாம்பாருக்கு வருதா, எம்ஆர்டியால வருதான்னு சொல்லுவோம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அது எனக்கும் தெரியணும்" என்றார். "மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும். அப்புறம்தான் உங்க வாத்தியாருக்கு." பாக்கியம் அக்கா எந்த நிபந்தனையும் போடவில்லை. புதிதாக வந்த கூட்டத்தைச் சமாளிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

வந்த தரவைப் பார்த்ததும் நம் முகம் தொங்கிவிட்டது. தோசை என்ற ஒரு சொல்லைப் பில் அடித்தவர்கள் எத்தனை விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் பரோட்டாவைக்கூடத் தோசைக் கணக்கில் போட்டிருந்தார். சில நாள் மெஷின் ஓடவே இல்லை. ஈசூனில் எங்கள் சாப்பாட்டு மேசை பல ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டைப் பார்க்கவில்லை. நீ கோடிங்கைக் காணொளிகளில் பார்த்துக் கற்றுக்கொண்டு வருவாய், எனக்குச் சொல்வாய், நான் தப்பாக அடிப்பேன், சிவப்பு எழுத்தில் பிழை வரும், இருவரும் சேர்ந்து திரையைத் திட்டுவோம். என் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். ஒருநாள் அவர்தான் கேட்டார்.

"இந்த வாரம் ஸ்கூல் லீவு ஆச்சே. கூட்டம் கொறஞ்சது தகரத்தாலயா, லீவாலயா?"

நீ நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாய்.

"அண்ணே, நீங்க ஏன் எங்க கிளாஸ்ல சேரல?"

அது நமக்கு முன்பே தெரிந்த சிக்கல்தான். அதற்காகத்தான் தடுப்பு எதுவும் இல்லாத அடுத்த சந்துக் கடையின் தரவையும் வாங்கி வைத்திருந்தோம். லீவு என்றால் அங்கேயும் குறைந்திருக்கும், இரண்டின் வித்தியாசத்தைப் பார்த்தால் போதும் என்று நீ அவருக்குப் படம் போட்டு விளக்கினாய். அவர் கவனமாகக் கேட்டார். அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கொஞ்ச மாதக் கோர்ஸைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் விலகுவதைப் பற்றிப் பேசவில்லை. எந்த நாளில் அந்த எண்ணம் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசியில் விடை வந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். வரைபடம் திரையில் மெதுவாக வந்தது. காலைக் கூட்டம் நீ சொன்னபடியே எதிர்க்கடைக்குப் போயிருந்தது. அவசரமாக வேலைக்குப் போகிறவர்கள் வழியில் இருந்த கடையில் நுழைந்திருந்தார்கள். ஆனால் மத்தியானக் கோடு அசையவே இல்லை. வெயிலில் தகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே அளவு ஆட்கள் செல்வம் அண்ணன் கடையில்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

நீ தோற்றுவிட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வங்கியில் யாருடைய கணக்காவது தப்பென்று தெரிந்தால் அந்த அறையே ஊமையாகிவிடும். எனக்கு அதுதான் பழக்கம். தப்பு என்றால் வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கும் எனக்கு. நீ எழுந்து நின்று கை தட்டினாய்.

"நான் தப்பு. சுத்தமாத் தப்பு. எவ்வளவு உறுதியா இருந்தேன் பாரு. இத்தன நாளா நான் நெனச்சிட்டு இருந்தது இல்ல, வேற ஒண்ணு. சூப்பர் லா." பிறகு சிரித்தாய். மேல்மாடி வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சிரித்தாய். தோற்றவள் நீ, ஜெயித்தவள் நான். நீ என்னைவிடச் சந்தோஷமாக இருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாக்குப்படி முதலில் செல்வம் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நம் எதிரில் உட்கார்ந்தார். கடை வாடகை ஏறப் போவதாகவும், இந்த இடத்தை விட்டால் தன் பிழைப்பே போய்விடும் என்று பயந்துகொண்டிருந்ததாகவும் சொன்னார். எல்லாம் எம்ஆர்டி கொடுத்த பிச்சை என்றே அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

"அப்ப எனக்காகத்தான் வர்றாங்களாம்மா?"

"மத்தியானம் உங்களுக்காகத்தான்ண்ணே. காலையில இல்ல," என்றாய். "ஆனா இது ஒரே ஒரு சந்தோட கதை. இத மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க."

அவர் நன்றாக விசாரித்துவிட்டு, மறுவருடம் ஜாலான் புசாருக்குக் கடையை மாற்றினார். மத்தியானம் இப்போதும் அங்கே இடம் கிடைப்பதில்லை. காலையில் கடை திறப்பதையே விட்டுவிட்டார். பாக்கியம் அக்கா காலைப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டி வாசலில் அடுக்க ஆரம்பித்தார்.

ஸ்லைடுகளை நீதான் செய்தாய். கேவலமாக இருந்தன. ஊதாப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பேராசிரியர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, நல்ல மதிப்பெண் கொடுத்தார்.

பட்டம் வாங்கிய அன்று உன் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நாம் அங்கியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் உன்னிடம் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "இனியாவது அந்தக் கம்ப்யூட்டரை நிப்பாட்டிப்போட்டு நேரத்துக்குச் சாப்பிடுவியோ?"

"ஓம் அம்மா," என்றாய். அம்மா திரும்பியதும் என்னிடம், "பொய் லா" என்றாய்.

வேலை தேடிய மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே டேட்டா சயன்ஸ் வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் கணினித் துறைப் பட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. கடைசியில், இணையத்தில் மளிகைச் சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். நீ அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு என்னோடு வந்தாய். நேர்முகத் தேர்வுக்கு யாராவது துணைக்கு ஆள் கூட்டிப்போவார்களா என்று நான் கேட்டதற்கு, கீழே காப்பிக் கடை இருக்கிறது, எனக்கும் பசிக்கிறது என்றாய்.

மேலே இரண்டு பேர் இருந்தார்கள். தரவுக் குழுவின் தலைவி, நரைத்த குட்டை முடி வைத்த சீனப் பெண்மணி. பக்கத்தில் இளம் பொறியாளர் ஒருவர். ஒரு கோப்பைத் திரையில் காட்டினார்கள். வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருந்தார்கள். கூப்பன் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட மிக அதிகமாகச் சாமான் வாங்கியிருந்தார்கள். இன்னும் எத்தனை பேருக்குக் கூப்பன் அனுப்பலாம் என்று கணித்துச் சொல்லச் சொன்னார்கள்.

வேகமாக ஒரு கணினி நிரல் எழுதத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அந்த எண்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

"கூப்பனை யாருக்கு அனுப்புவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

யார் வாங்குவார்கள் என்று கணினி கணித்ததோ அவர்களுக்கு, என்றார் இளைஞர்.

"அவர்கள் கூப்பன் இல்லாமலே வாங்கியிருப்பார்களே?"

இளைஞர் தலைவியைத் திரும்பிப் பார்த்தார். கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தலைவி முன்னால் சாய்ந்து, அதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். நான் தகரத் தடுப்பின் கதையைச் சொன்னேன். தோசை, வரிசை, குழாய் வேலை, அடுத்த சந்து எல்லாம் சொன்னேன். உங்களால் தெருவை மூட முடியாது, ஆனால் கூப்பனைக் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அனுப்பி, மீதிப் பேருக்கு அனுப்பாமல் இருக்க முடியும், பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடலாம் என்றேன். தலைவி சிரித்துவிட்டார். அந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு நிரல் எழுதும் தேர்வு. அதில் நான் திணறினேன். நேரம் முடிந்தபோது பாதிதான் ஓடியது. மீதியை எப்படிச் செய்ய நினைத்தேன் என்று வாயால் சொன்னேன். இளைஞரின் முகத்தில் திருப்தியில்லை, அதில் நியாயமும் இருந்தது.

கீழே வந்தபோது உன் முன்னால் இரண்டு காயா ரொட்டித் தட்டுகள் காலியாக இருந்தன.

"எப்படி?"

"கோடிங்ல சொதப்பிட்டேன்."

"மத்தது?"

"அவங்களோட கேள்வியே தப்புன்னு சொல்லிட்டேன்."

நீ மேசையைத் தட்டினாய். "வேல கெடச்சிருச்சு" என்றாய். கிடைத்தது என்று அவர்கள் எனக்குச் சொன்னது அடுத்த வாரம்தான்.

வேலையில் சேர்ந்த முதல் மாதங்களில் நான் அழுதது உனக்கு மட்டும்தான் தெரியும். என்னைச் சுற்றி இருந்தவர்களின் விரல்கள் என் எண்ணத்தைவிட வேகமாக ஓடின. அந்த இளம் பொறியாளரிடம்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். அவர் பொறுமைசாலி. என் நிரலில் அவர் பிழை கண்டுபிடித்தார், அவர் கணிப்பில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். கொஞ்ச காலத்தில் அவரே எதையாவது செய்துவிட்டு, "உன் தெரு மூடும் ஆட்களைக் கூப்பிடு" என்று என் மேசைக்கு வர ஆரம்பித்தார். நீயும் உன் நிறுவனத்தின் தரவுக் குழுவுக்கு மாறினாய். இலவச நடைப்பயிற்சி முகாமுக்கு வந்தவர்களுக்கு நோய் குறைவு என்று உன் மேலதிகாரி பெருமைப்பட்டபோது, நடக்க முடிந்தவர்கள்தானே சார் நடக்க வந்தார்கள் என்று நீ கேட்டதை, ஈசூன் ரயிலில் நின்றபடி போனில் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அதைப் பற்றி நீளமாக எழுத நீ விட மாட்டாய். ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையில் டாக்டர் உன்னிடம் புதிய மருந்து ஒன்றைப் பற்றி விளக்கினார். நானும் உன் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். நீ கேட்டாய், அந்த மருந்து யாருக்கு வேலை செய்தது, என் வயதில், என் மாதிரி ஆட்கள் அதில் இருந்தார்களா என்று. டாக்டர் நின்றுகொண்டிருந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிகக் குறைவு என்று உண்மையைச் சொன்னார். அதனால்தான் ஒரு சோதனை நடக்கிறது, சேர்ந்தால் புதிய மருந்தா வழக்கமான மருந்தா என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும், எது கிடைத்தது என்று உனக்கோ எனக்கோ தெரியாது என்றார். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சேர்கிறேன் என்றாய்.

அவர் போன பிறகு நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எது கெடச்சுதுன்னே தெரியாதாமே, உனக்குக் கஷ்டமா இல்லயா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அப்புறம் அது என்ன எக்ஸ்பெரிமென்ட்?" என்றாய். "சுமி, யோசிச்சுப் பாரு. இவ்வளவு நாள் ஊர்ல உள்ளவன் டேட்டாவ எல்லாம் நோண்டினேன். இப்ப நானே டேட்டா. அடுத்து என்ன மாதிரி ஒருத்தி வந்து இதே கேள்வியக் கேட்டா, டாக்டர் 'மிகக் குறைவு'ன்னு சொல்ல வேண்டியதில்ல பாரு."

உன் அம்மா, "உனக்கு எல்லாம் விளையாட்டு" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு நீ ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார். தாதி வந்து, பக்கத்துக் கட்டிலில் ஆள் தூங்குகிறார் என்று நம் மூவரையும் அதட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு உனக்கு நல்ல காலம் கொஞ்சம் இருந்தது. பாசிர் ரிஸ் கடற்கரையில் நாம் நண்டு சாப்பிட்டோம், உன் அம்மாவை வைத்து சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி ஒன்றை மிதித்தோம், நீ மறுபடி வேலைக்கும் போனாய். அது மருந்தாலா என்று நான் சொன்னால் நீயே என்னைத் திட்டுவாய். ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நாட்கள் கிடைத்தன என்று மட்டும் சொல்கிறேன். பிறகு ஒரு மழைக்காலக் காலையில், உன் அம்மா பக்கத்தில் இருக்க, நீ போய்விட்டாய்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் நடந்தது இது.

ஆறு மாதமாக ஒரு யோசனையை நானே எங்கள் நிறுவனத்தில் தூக்கிச் சுமந்தேன். வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் நேரத்தை வாடிக்கையாளர்களே இன்னும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்க விட்டால், அவர்கள் அடிக்கடி வாங்குவார்கள் என்பது என் எண்ணம். எல்லாரையும் நம்ப வைத்தேன். தலைவி எனக்காக மேலிடத்தில் பேசினார். வழக்கம்போலப் பாதிப் பேருக்குப் புதிய முறை, மீதிப் பேருக்குப் பழைய முறை என்று சோதித்தோம். விடை வந்தது. புதிய முறை கிடைத்தவர்கள் குறைவாக வாங்கியிருந்தார்கள். தேர்ந்தெடுக்க நிறைய இருந்ததால் பாதியிலேயே அலுத்துப்போய் மூடிவிட்டிருந்தார்கள். அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அந்த வரைபடத்தை நானே திரையில் போட வேண்டியிருந்தது.

எனக்கு வயிற்றில் கல் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. நான் திரையைப் பார்த்தேன். எவ்வளவு உறுதியாக இருந்தேன், எவ்வளவு தப்பாக இருந்தேன் என்று தோன்றியது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"நான் நினைத்தது தப்பு," என்றேன். "முழுக்கத் தப்பு. இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஆட்கள் எப்போது அலுத்துப்போகிறார்கள் என்று பாருங்கள், இது அதைவிடச் சுவாரஸ்யம்."

பிறகு அந்தப் பொறியாளர் முன்னால் வந்து திரையைக் கிட்டே பார்த்தார். இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்து திரையைச் சுற்றி நின்று, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். என் யோசனை செத்துப்போனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, புரமோஷனா?"

"இல்லங்க. இன்னிக்கு நான் தப்பு. எல்லார் முன்னாடியும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அப்ப வா, வெளிய போய்ச் சாப்பிடலாம். சாப்பிட்டுக்கிட்டே சொல்லு."

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே அவர் ஆர்வம் தாங்காமல், "எவ்வளவு தப்பு?" என்று கேட்டார். நீ அவரையும் கெடுத்து வைத்திருக்கிறாய்.